சீவிய கட்டையும் சிதைந்த கட்டையும்

கரும்பை வெட்டின பிறகு அதே கட்டையிலிருந்து திரும்பக் கிளம்புகிற பயிரான மறுதாம்பு எவ்வளவு விளையும் என்பது அறுவடை முடிந்த முதல் பத்து நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. உரம், தண்ணீர், மருந்து எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனால் கரும்பு போடுகிறவர்கள் கொல்லைப் பக்கமே, அதாவது வயல் பக்கமே, எட்டிப் பார்க்காத பத்து நாளும் அதுதான். கடைசி லோடு ஏறிப் போனதும் எடைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்ப்பது, மேஸ்திரிக்கு வெட்டுக்கூலி பாக்கி தீர்ப்பது, ஆலைப் பணம் எப்போது கணக்கில் ஏறும் என்று விசாரிப்பது என்று மனசு முழுக்க வெட்டின கரும்பின் பின்னாலேயே போய்விடும். மண்ணுக்குள் மிச்சம் நிற்கிற கட்டையை யாரும் நினைப்பதில்லை.

அந்தக் கட்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எங்கள் தென்பெண்ணைப் பக்கத்தில், மிச்சக் கட்டையைத் தரைக்குக் கீழே மட்டமாக அறுத்தெடுக்கிற, அதாவது கட்டை சீவுகிற வேலைக்கு இப்போது டிராக்டரில் மாட்டுகிற மெஷின் வர ஆரம்பித்திருக்கிறது. வரவேண்டியதுதான். ஆனால் அதை ஓட்டச் சொல்லிவிட்டு வரப்பில் நின்று பார்த்தால் மட்டும் போதாது என்று சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில், கட்டை ஏன் உயரமாக நிற்கிறது என்று பார்க்கலாம். கரும்பைத் தரையோடு தரையாக வெட்டவேண்டும் என்று ஆலைக் களப்பணியாளர் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார், நாமும் வெட்டு ஆட்களிடம் சொல்கிறோம். ஆனால் வெட்டுகிறவருக்கு டன் கணக்கில் கூலி. விடியற்காலையில் இறங்கி, தோகை என்கிற காய்ந்த இலை மூடின தூருக்குள், அதாவது ஒரே அடியிலிருந்து கிளம்பின கரும்புக் கூட்டத்துக்குள், ஒரு கையை விட்டுக் கரும்பைப் பிடித்து, இன்னொரு கையால் கத்தியை இறக்குகிறார். தோகைக்கு அடியில் கல் இருக்கும், கட்டெறும்பு இருக்கும், சமயத்தில் பாம்பும் இருக்கும். ஒவ்வொரு தூருக்கும் முழுதாகக் குனிந்தால் மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். அதனால் கத்தி இரண்டு மூன்று அங்குலம் மேலேயே விழுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் தருகிற கூலி எடைக்குத்தான், குனிவதற்கு இல்லை.

அந்த இரண்டு அங்குலத்துக்கு ஒரு விலை இருக்கிறது. எட்டடி வளர்ந்த கரும்பில் இரண்டு அங்குலம் என்பது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ஏக்கருக்கு 40 டன் வெட்டுகிற கொல்லையில் அது 800 கிலோவுக்கு மேல். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, பிழிதிறன் (கரும்பு எடையில் கிடைக்கிற சர்க்கரையின் பங்கு) 9.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள ஆலைகளுக்கு டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 2,700 ரூபாயைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். கரும்பின் அடிப்பகுதிதான் கனமும் அதிகம், சர்க்கரையும் அதிகம். ஆகவே உண்மையான இழப்பு இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இது வெட்டின கரும்பில் போன காசு. அடுத்த பயிரில் போகிற காசு இதைவிடப் பெரியது, ஆனால் எந்தச் சீட்டிலும் வராது.

அது எப்படிப் போகிறது என்று தெரிய, ஒரு தூரைத் தோண்டிப் பார்க்கவேண்டும். எல்லோரும் ஒரு தடவையாவது இதைச் செய்யவேண்டும் என்பேன். வெட்டி இரண்டு மூன்று வாரம் ஆன, சீவாத தூர் ஒன்றைச் சுற்றி மண்வெட்டியால் இறக்கி, அப்படியே பெயர்த்துத் தண்ணீரில் அலசுங்கள். மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கட்டையில் ஒன்றிரண்டு கணு தெரியும். ஒவ்வொரு கணுவிலும் முளை கிளம்புகிற ஒரு பரு. வெளிச்சமும் சூடும் முதலில் கிடைப்பது அந்த மேல் பருக்களுக்கு என்பதால் அவைதான் முதலில் முளைக்கும். முளைத்ததும் கீழே இருக்கிற பருக்களை அடக்கிவிடும். பயிர்களுக்கு இது பொதுவான குணம். நுனியில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும்வரை அடியில் இருப்பது தூங்கும். அலசின தூரில் அந்தக் கீழ்ப் பருக்களை நன்றாகப் பார்க்கலாம். கட்டையோடு ஒட்டி, நெல்மணி அளவில் பழுப்புச் செதில் மூடி, உயிரோடு, ஆனால் அசையாமல் இருக்கும்.

மேலே முளைத்த பயிருக்கு என்ன குறை? அதன் வேர்ப் பகுதி காற்றில் இருக்கிறது. கரும்பு முளை ஒவ்வொன்றும் தன் அடிக்கணுவிலிருந்து சொந்த வேர் விட்டுத்தான் பிழைக்கவேண்டும். முதல் சில வாரம் பழைய கட்டையின் வேர் சோறு போடும்; அதற்குள் புது வேர் மண்ணைப் பிடித்தாகவேண்டும். காற்றில் நிற்கிற கணுவிலிருந்து கிளம்புகிற வேர் மண்ணைத் தொடுவதற்கு முன்பே காய்ந்துபோகிறது. பழைய வேரும் செத்த பிறகு அந்தப் பயிர் வெளிறும், இளைக்கும், பாதி தானாகக் காயும். தப்பித்து வளர்ந்ததும் பிடிப்பு இல்லாததால் ஐப்பசிக் காற்றில் முதலில் சாய்வது அதுதான். அடுத்த வெட்டில் இன்னும் இரண்டு அங்குலம் மேலே வெட்டினால், தூரே மண்ணைவிட்டு மேலேறிக்கொண்டு போகும். மூன்றாம் தாம்பில் சில கொல்லைகளைப் பார்த்தால் தூர்கள் பாரின்மேல், அதாவது கரும்பு வரிசை நிற்கிற மண்மேட்டின்மேல், திட்டுத்திட்டாகக் குந்தியிருக்கும். 'இந்த ரகம் மறுதாம்புக்கு ஆகாது' என்று சொல்லி அழித்துவிடுகிறோம். ரகத்தின்மேல் தப்பில்லை.

ரகம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கின கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் நம் ஊர் 'வெள்ளை' கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்துத்தான் கோ 205 ரகத்தை உருவாக்கினார்கள். 1918-இல் அது வெளிவந்தது. வெள்ளையிலிருந்து தடிமனும் இனிப்பும் வந்தது. நாணலிலிருந்து முரட்டுத்தனமும், வெட்ட வெட்டத் தரைக்கடியிலிருந்து கிளம்புகிற குணமும் வந்தது. ஆற்றங்கரை நாணலை அறுத்துப் பாருங்கள், எரித்துக்கூடப் பாருங்கள், ஒரு மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து திரும்ப வரும். 2000-இல் வெளிவந்து இன்றுவரை நம் கொல்லைகளில் அதிகம் நிற்கிற கோ 86032 உட்பட, இப்போது நாம் நடுகிற கரும்பில் எல்லாம் அந்த நாணலின் ரத்தம் இருக்கிறது. மறுதாம்பு விடுகிற வலு அதற்குள்ளேயே இருக்கிறது. அது மண்ணுக்கு அடியில் இருக்கிற பருக்களில்தான் இருக்கிறது. மேலே துருத்திக்கொண்டிருக்கிற கட்டையை எடுத்துவிட்டால் போதும், அது தன் வேலையைச் செய்யும்.

சரி, சீவுவது எப்படி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவானது: வெட்டு முடிந்து பத்து நாளுக்குள், தோகையை எரிக்காமல் அப்புறப்படுத்தி, தண்ணீர் பாய்ச்சி, ஈரம் பக்குவமாக இருக்கும்போது, கூரான மண்வெட்டியால் பாரின் மேல் 4 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்தில் கட்டையைச் சீவவேண்டும். கவனியுங்கள், தரைமட்டத்தில் இல்லை, தரைக்குக் கீழே. அப்புறம் பாரின் இரண்டு ஓரத்தையும் ஏர் ஓட்டி உடைத்துவிடவேண்டும். ஒரு வருஷம் தண்ணீரும் ஆள் நடமாட்டமும் சேர்ந்து இறுக்கின மண் அது. உடைத்தால் காற்றும் தண்ணீரும் உள்ளே போகும், பழைய வேர் அறுபட்டு அந்த இடத்தில் புது வேர் ஓடும்.

படிக்க நான்கு வரி. செய்வதற்கு அது முதுகை உடைக்கிற வேலை. மண்வெட்டி வைத்துக் கட்டை சீவத் தெரிந்த ஆட்களைச் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கையை மண்வெட்டிக் காம்பின் அடியில் தாழ்த்திப் பிடித்து, வெட்டாமல் சரித்து இறக்குவார்கள். மண்வெட்டி கட்டையின் குறுக்கே ஒரே இழுப்பில் போகும். கட்டை அந்தண்டை தெறித்து விழும்; தூரில் வட்ட வட்டமாக வெள்ளை முகம் தெரியும். ஒரு பார் முடிந்ததும் உட்கார்ந்து அரத்தால் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டுதான் அடுத்த பாருக்குப் போவார்கள். அப்படித் தெரிந்தவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை, வரவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. மாசி வெயிலில் நாளெல்லாம் குனிந்து கட்டை சீவுவது யாருக்கும் விதிக்கக்கூடிய வேலை இல்லை.

ஆள் கிடைக்காததால் நடந்தது என்னவென்றால், கட்டை சீவுவதையே ஊரில் பாதிப்பேர் விட்டுவிட்டார்கள். வெட்டு முடிந்ததும் தோகைக்குத் தீ வைப்பது, தண்ணீர் விடுவது, முளைத்ததும் யூரியா போடுவது. அவ்வளவுதான். மறுதாம்பு என்றால் குறைவாகத்தான் விளையும் என்று ஒரு சமாதானம். நாட்டில் கரும்பு நிற்கிற பரப்பில் ஏறத்தாழப் பாதி மறுதாம்புதான். நடுகிற கரும்புத் துண்டான கரணை வாங்குகிற செலவில்லை, உழவு இல்லை, நடவுக் கரும்பைவிட ஒரு மாதம் முன்னதாகவே பக்குவத்துக்கு வருகிறது. விவசாயிக்குக் கையில் நாலு காசு நிற்பது மறுதாம்பில்தான். அதை இளப்பமாக நினைப்பது எனக்குப் புரியவே இல்லை.

இந்த நிலையில்தான் மெஷின் வருகிறது. பார்க்க எளிமையான சாமான். டிராக்டரின் பின்னால் மூன்று முனை இணைப்பில் தொங்கும். எஞ்சின் சுற்றைக் கருவிக்குக் கொடுக்கிற பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் கியர்பாக்ஸைச் சுற்ற, கியர்பாக்ஸ் அந்த வேகத்தைக் கூட்டி, செங்குத்தாக இறங்குகிற தண்டு ஒன்றுக்குக் கொடுக்கும். அதன் அடியில் படுக்கையாக ஒரு தட்டு, தட்டின் விளிம்பில் பிளேடுகள். பாரை நடுவில் விட்டு டிராக்டர் இரண்டு பக்கமும் உள்ள பள்ளமான சாலில் டயரை இறக்கிப் போனால், தட்டு பாரின் தலையைச் சீவிக்கொண்டு வரும். எவ்வளவு ஆழம் என்பதைப் பக்கத்தில் இருக்கிற சின்னச் சக்கரத்தை ஏற்றி இறக்கி வைத்துக்கொள்ளலாம். கல் தெறிக்காமலிருக்க மூடியும் சங்கிலித் திரையும் இருக்கவேண்டும். அது இல்லாத மெஷினைக் கொல்லைக்குள்ளேயே விடாதீர்கள். தெறிக்கிற கல்லும் கட்டையும் ஆளைக் கொன்றுவிடும்.

சித்தப்பா கொல்லையில் இது முதலில் ஓடினபோது நான் கூடவே நடந்தேன். வரப்பிலிருந்து பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மண்வெட்டிக்கு அரை நாள் பிடிக்கிற பாரை ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டுப் போனது. சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். நான் இரண்டாவது பாரில் குந்தி மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தேன். கட்டைகள் சீவப்படவில்லை, சிதைந்திருந்தன. முருங்கைக் கொம்பை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி நார் நாராகப் பிளந்து, பிளவு கணுவைத் தாண்டிக் கீழே ஓடியிருந்தது. அந்தக் கணுவில் இருந்த பருவும் இரண்டாகப் பிளந்திருந்தது. எந்தப் பருவுக்காகச் சீவுகிறோமோ அதையே உடைத்துவிட்டுப் போயிருக்கிறது மெஷின்.

டிராக்டர் ஓட்டின பையனை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டினோம். பக்கத்து ஊர்ப் பையன்தான், நல்ல வேலைக்காரன்.

"பிளேடு மழுங்கிப்போச்சு தம்பி" என்றார் சித்தப்பா.

"போன வாரம்தான் சித்தப்பா மாத்தினேன். மேட்டுக் கொல்லையில கல்லு ஜாஸ்தி."

"மாத்துறதுக்கு வேற வச்சிருக்கியா?"

"இருக்கு. ஆனா ஓனர் கேப்பாரு, ஏக்கருக்கு ஏக்கர் மாத்தினா எனக்கு என்ன நிக்கும்னு."

நியாயமான பேச்சு. அந்தப் பிளேடு செலவைச் சித்தப்பா தருவதாகச் சொன்னதும் மாற்றினான். அப்புறம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மணிக் கணக்கில் வாடகை என்பதால், நமக்குக் காசு மிச்சமாகட்டும் என்று அவனே வேகமான கியரில் ஓட்டிக்கொண்டிருந்தான். தட்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் டிராக்டர் அதிக தூரம் முன்னேறிவிட்டால், பிளேடு கட்டையை அறுக்காது. முட்டித் தள்ளி ஒடிக்கும். லோ கியரில், எஞ்சின் வேகத்தைக் குறைக்காமல், மெதுவாக இழுத்தபோது வெட்டுமுகமே மாறிப்போனது. மட்டமாக, வழவழப்பாக, நடுவில் புள்ளிப் புள்ளியாக நரம்பு தெரிகிற வெள்ளை முகம். விரலால் தடவினால் நார் குத்தவில்லை. சாறு கசிந்து ஒட்டியது.

மண் ஈரம் மூன்றாவது விஷயம். காய்ந்த பாரில் ஓட்டினால் பிளேடு கட்டையோடு மண்கட்டியையும் அடித்துச் சீக்கிரம் மழுங்கும். இரண்டு அங்குலம் உள்ளே இறங்கவும் இறங்காது. சேறாக இருந்தால் கட்டை அறுபடாமல் வேரோடு ஆடி வெளியே வரும், டயர் போன சால் கல் மாதிரி இறுகும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிர்கிற பதம்தான் சரி. அதற்குத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் காத்திருக்கவேண்டும். செம்மண்ணுக்கு ஒரு கணக்கு, கரிசலுக்கு ஒரு கணக்கு. மெஷின் காரர் தேதி கொடுத்த பிறகு தண்ணீர் விடுவதா, தண்ணீர் விட்டுவிட்டு மெஷினைத் தேடுவதா என்பதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள்.

சிதைந்த கட்டையால் வருகிற கேடு முளைப்போடு நிற்பதில்லை. பிளந்த நாருக்குள் தண்ணீர் நின்று அழுகும், செம்மண் கொல்லையில் கறையான் ஏறும். உயரமாக விட்ட கட்டையைவிடச் சிதைந்த கட்டை மோசம் என்பது என் தீர்மானமான எண்ணம். உயரமாக நிற்கிற கட்டையை அப்புறமாவது சீவலாம். பிளந்ததை ஒட்டவைக்க முடியாது. அதனால் மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை ஏக்கர் முடிக்கும் என்று கேட்பதைவிட, ஒரு பாரில் பத்துக் கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே ஓட்டச் சொல்லுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

இந்த மெஷின் எல்லாக் கொல்லையிலும் போகாது. இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு பொய்யாகிவிடும். நம் ஊரில் பழைய கொல்லைகள் இரண்டரை அடி, மூன்றடிப் பார். சாதாரண டிராக்டரின் டயர் அகலம் அதற்குப் பொருந்தாது. ஒரு டயர் சாலில் போனால் இன்னொன்று பாரின்மேல் ஏறித் தூரை நசுக்கும். சிறிய மினி டிராக்டர் அல்லது பவர் டில்லரில் மாட்டுகிற கருவியாக இருந்தால் நுழையலாம், ஆனால் அதற்கேற்ற கருவி பக்கத்தில் கிடைக்கவேண்டும். ஐந்தடிப் பார் போட்டவர்களுக்குத்தான் பெரிய டிராக்டர் சுலபம். ஆக, கட்டை சீவுகிற மெஷினுக்கான முடிவு கரும்பு நடுகிற அன்றைக்கே எடுக்கப்படுகிறது. ஐந்தடி விட்டால் இடம் வீண் என்று பெரியவர்கள் சங்கடப்படுவார்கள். வெளிச்சம் நன்றாக விழுவதால் தூர் கட்டுவது அதிகமாகும், தோகை உரிக்கவும் மண் அணைக்கவும் ஆள் உள்ளே போகலாம் என்று சொல்லித்தான் சித்தப்பாவைச் சம்மதிக்க வைத்தோம். பாரின் நீளமும் முக்கியம். ஐம்பதடிக்கு ஒரு வரப்பு இருக்கிற துண்டு நிலத்தில் டிராக்டர் திரும்புகிற இடத்திலேயே பத்துத் தூர் போய்விடும். சொட்டுநீர் போட்டிருந்தால் பக்கவாட்டுக் குழாய்களைச் சுருட்டி எடுத்துவிட்டுத்தான் மெஷினை இறக்கவேண்டும். மண்ணுக்குள் புதைத்த குழாய் என்றால் அது எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று தோண்டிப் பார்க்காமல் விடக்கூடாது.

தோகைக்கு வருவோம். ஏக்கருக்கு மூன்று நான்கு டன் தோகை தரையில் கிடக்கும். மெஷின் ஓட்டுகிறவர்கள் அதை எரிக்கச் சொல்கிறார்கள், தட்டில் சுற்றிக்கொள்ளும் என்பதால். சுற்றிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் தீ வைத்தால் கொல்லையின் சத்துதான் புகையாகப் போகிறது. பாரின்மேல் குவிந்த தோகை எரிகிற சூட்டில் மேலாக இருக்கிற பருக்களும் வெந்துபோகின்றன. தோகையைச் சாலுக்குள் இழுத்துத் தள்ளி, பாரின் தலையை மட்டும் வெறுமையாக்கிவிட்டால் மெஷின் தடங்கலில்லாமல் போகிறது. அல்லது தோகையைத் தூளாக்குகிற கருவியை முதலில் ஓட்டிவிட்டு, அப்புறம் சீவலாம். இரண்டு தடவை டீசல் செலவு என்றாலும் மண்ணுக்கு அது போட்ட முதல்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க மகாராஷ்டிரத்தில் நல்ல வேலை நடந்திருக்கிறது. பாராமதிக்குப் பக்கத்தில் மாலேகாவில், வறட்சி, உப்பு, வெப்பம் போன்றவற்றைத் தாங்குகிற விவசாயத்தை ஆராய்கிற மத்திய அரசு நிறுவனம் ஒன்று 'சார்ஃப்' என்று ஒரு கருவியை உருவாக்கியிருக்கிறது. தோகை பரப்பிக் கிடக்கிற கொல்லையிலேயே அது போகும். கட்டையைச் சீவுவது, பாரின் ஓரத்தை உடைப்பது, பழைய வேரைப் பக்கவாட்டில் நறுக்குவது, உரத்தை வேருக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் வைப்பது என்று நான்கு வேலையும் ஒரே ஓட்டத்தில். லக்னோவில் இருக்கிற இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனமும் இதே மாதிரிப் பல வேலைகளைச் சேர்த்துச் செய்கிற மறுதாம்புக் கருவியைக் கொண்டுவந்திருக்கிறது. நம் கையில் இருக்கிற மெஷின் சீவுவதோடு நின்றுவிடுகிறது. உரத்தை நாம் மேலாக வீசுகிறோம், தோகைமேல் விழுந்த யூரியா பாதி காற்றோடு போகிறது. பாரை உடைப்பதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுகிறோம், அது நடப்பதே இல்லை. ஒரே ஓட்டத்தில் முடிகிற கருவிதான் நமக்கு வேண்டும்.

அறுவடை இயந்திரம் வெட்டின கொல்லைக்குக் கதை கொஞ்சம் வேறு. அதன் அடியில் எதிரெதிராகச் சுற்றுகிற இரண்டு தட்டுகள் கரும்பைத் தரையோடு அறுக்கும். ஓட்டுபவர் உயரத்தைச் சரியாக வைத்து, பாரும் ஒரே சீராக இருந்தால், தனியாகக் கட்டை சீவவேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது. பார் மேடு பள்ளமாக இருந்தால் ஒரு இடத்தில் கட்டை உயரமாக நிற்கும், இன்னொரு இடத்தில் தூரையே கிளறிப் போட்டுவிடும். அதோடு அந்த வண்டியின் கனமும் நிரம்பின டிரெய்லரின் கனமும் சால்களை இறுக்குகிற இறுக்கத்துக்குப் பாரின் ஓரம் உடைப்பது அங்கே கட்டாயம்.

நோய் விஷயத்தில் மெஷினால் வருகிற ஆபத்தைச் சொல்ல ஆளில்லை, அதனால் நான் சொல்கிறேன். மறுதாம்புக் குட்டை நோய் என்று ஒன்று உண்டு. வெளியே எந்த அடையாளமும் பெரிதாகத் தெரியாது. கரும்பு குட்டையாகும், இளைக்கும், அவ்வளவுதான். அது ஒரு பாக்டீரியாவால் வருவது, வெட்டுகிற கத்தியின் வழியாகவே கொல்லைக்குக் கொல்லை பரவுவது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1940-களில் கண்டுபிடித்தார்கள். ஒரே தட்டு இருபது விவசாயிகளின் கட்டையைச் சீவிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொல்லைக்குள் இறக்குவதற்கு முன் தட்டில் ஒட்டின மண்ணையும் நாரையும் கழுவி, கிருமிநாசினி தெளிக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேர வேலைதான். செவ்வழுகல், கரிப்பூட்டை, புல் மாதிரி முளைக்கிற நோய் இவை அதிகம் தெரிந்த கொல்லையில் மறுதாம்பே விடக்கூடாது. அங்கே சீவுவது வீண், அழித்துவிட்டு வேறு பயிர் வைப்பதுதான் வழி.

சீவின பிறகு செய்யவேண்டியதை இங்கே நீட்டவில்லை. மறுதாம்புக்குத் தழைச்சத்து வழக்கத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகத் தேவை, அதை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடவேண்டும். மண்ணில் மட்குகிற பழைய வேர் தழைச்சத்தை இழுத்துக்கொள்கிறது என்பது காரணம். இரண்டு வாரத்தில் குருத்து வெளிறினால் யூரியாவைக் கூட்டாதீர்கள். அது இரும்புக் குறைவு, ஏக்கருக்கு ஒரு கிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும். பயிர் முளைக்காமல் போன இடத்தை முதல் மாதத்துக்குள் நாற்று வைத்து நிரப்பினால்தான் மற்ற பயிரோடு அது சேர்ந்து வரும், தாமதித்தால் நிழலில் மாட்டிக்கொள்ளும்.

என் கோரிக்கை இரண்டுதான். ஆலை வெட்டு ஆர்டர் கொடுக்கிற அன்றைக்கே, அந்தக் கொல்லைக்குக் கட்டை சீவுகிற மெஷினுக்கும் தேதி கொடுக்கவேண்டும். எந்தக் கொல்லை எந்த வாரம் வெட்டாகும் என்ற பட்டியல் ஆலையிடம்தான் இருக்கிறது. விவசாயிக்கு அது கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை முறையில் டிராக்டரும் கருவிகளும் பதிவு செய்து எடுக்க முடிகிறது. கரும்பு வட்டாரங்களில் மறுதாம்புக் கருவிகளையும் அதில் போதுமான எண்ணிக்கையில் வைத்து, வெட்டுப் பட்டியலோடு இணைத்தால், பத்து நாள் கெடு என்பது காகிதத்தில் மட்டும் இருக்காது. பத்து நாள் தாண்டிவிட்டால் மேல் பருக்கள் முளைத்து உயர்ந்துவிடும். அந்த நிலையில் சீவ யாருக்கும் மனசு வராது, பச்சையைப் பார்த்து மயங்கிவிடுவோம்.

இரண்டாவது, வாடகையை மணிக் கணக்கிலிருந்து ஏக்கர் கணக்குக்கு மாற்றவேண்டும். மணிக் கணக்கு இருக்கிறவரை மெதுவாக ஓட்டச் சொல்ல விவசாயிக்கு வாய் வராது. ஏக்கர் கணக்கு என்றால் வண்டிக்காரர் அவசரப்படுவார் என்பதும் தெரியும். அதனால் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அந்தப் பையனின் ஓனரிடம் பேசி வைத்திருக்கிறோம்: ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சு, புதுப் பிளேடு செலவில் பாதி எங்களுடையது, முதல் பாரில் கட்டையைத் தொட்டுப் பார்த்து நாங்கள் தலையசைத்த பிறகுதான் இரண்டாவது பார். அவரும் ஒத்துக்கொண்டார். பிளேடு செலவு குறைகிறது என்பதுதான் அவருக்குப் பிடித்தது. இந்தத் தையில் வெட்டு வருகிறபோது ஐந்தடிப் பாரில் நிற்கிற கிழக்குக் கொல்லைகளுக்கு மெஷின் சொல்லியாகிவிட்டது. எங்கள் மேட்டுக் கொல்லை இன்னும் மூன்றடிப் பார்தான். அதற்கு மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஆட்களை இப்போதே பார்த்து முன்பணம் கொடுத்துவைக்கவேண்டும்.